பாட்டி வீட்டுக் கோழிகள் ஒரே வாரத்தில் இறந்தது ஏன்?



சில வாரங்களுக்கு முன், படிவம் 2 அறிவியல் வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி என் மேசையருகே வந்து நின்றாள். “டீச்சர், எங்க பாட்டி வளர்த்த பதினோரு கோழியும் ஒரே வாரத்துல செத்துப்போச்சு. யாரோ கண்ணு வச்சிட்டாங்கன்னு பாட்டி சொல்றாங்க. அது உண்மையா டீச்சர்?”

பாட்டியின் வீடு செண்டாயான் பக்கத்தில், பழைய தோட்ட லயத்தில் இருக்கிறது. சுற்றிலும் புதிய வீடமைப்புகள் வந்துவிட்டாலும் அவர் கோழி வளர்ப்பதை விடவில்லை. கோழிகள் சாவதற்கு முன் என்ன நடந்தது என்று அவளிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

தீபாவளிக்காகப் பாட்டி சந்தையில் ஒரு சேவல் வாங்கி வந்தார். அன்றே மற்ற கோழிகளோடு அதை விட்டார். ஐந்தாறு நாளில் சேவல் சிறகைத் தொங்கப்போட்டுக்கொண்டு வாய் திறந்து மூச்சு வாங்கியது, பச்சையாகக் கழிந்தது. அடுத்த நாள் ஒரு பெட்டைக் கோழிக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டது. பாட்டி பயந்துபோய், “இருக்கிறதாவது பிழைக்கட்டும்” என்று, நன்றாக இருந்த இரண்டு கோழிகளை ரந்தாவில் உள்ள மகள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். அடுத்த வாரம் அங்கிருந்த கோழிகளும் இறந்தன.

அவள் கேள்விக்கான பதில் இந்தக் கடைசி வரியில் இருக்கிறது. பாட்டியின் வீட்டிலிருந்து ரந்தாவுக்குப் போனவை கோழிகள் மட்டுமல்ல.

நோயின் பெயர் என்ன?

மூச்சுத் திணறல், பச்சை அல்லது வெள்ளைக் கழிச்சல், முறுக்கிய கழுத்து, முடங்கிய கால், அடுத்தடுத்துச் சாவு. இவை சேர்ந்து வரும்போது முதலில் சந்தேகப்பட வேண்டியது நியூகாசல் நோய். மலாயில் இதைச் ‘சம்பார் ஆயாம்’ என்பார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் இது ‘வெள்ளைக் கழிச்சல்’. இந்தியாவில் இமயமலை அடிவாரத்தின் இராணிக்கெட் என்ற ஊரில் இது அறியப்பட்டதால் ‘இராணிக்கெட் நோய்’ என்றும் பெயர் உண்டு.

1926ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நியூகாசல் நகரிலும் இந்தோனேசியாவின் ஜாவாத் தீவிலும் இது முதன்முதலில் பதிவானது. நம் நாட்டில் 1934இல் பேராக் மாநிலத்தின் பாரிட் புந்தாரில் பதிவாகியிருக்கிறது. ஆக, பாட்டியின் பாட்டி காலத்திலேயே இந்த நோய் இங்கே இருந்தது.

நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ். அதன் கொடிய வகை, தடுப்பு மருந்து பெறாத கோழிக் கூட்டத்தில் நுழைந்தால் ஏறக்குறைய எல்லாவற்றையும் கொன்றுவிடக்கூடும். மனிதருக்கு இதனால் பெரிய ஆபத்து இல்லை. நோயுற்ற கோழியைக் கையாண்டவர்களுக்குச் சில சமயம் கண் சிவந்து எரியும், சில நாளில் தானாகவே சரியாகிவிடும்.

கிருமிக்குக் கால் இல்லை

வைரஸால் நடக்கவோ பறக்கவோ முடியாது. அது பயணம் செய்ய வேண்டுமானால் யாராவது சுமந்து போக வேண்டும். நோயுற்ற கோழியின் எச்சத்திலும் மூக்கு, வாய் நீரிலும் வைரஸ் நிறைந்திருக்கும். அந்த எச்சம் ஒட்டிய சிலிப்பர், கூண்டு, தீவனச் சாக்கு, மோட்டார் சைக்கிள் சக்கரம், ஒரே தண்ணீர்த் தட்டு, ஒரு கூட்டத்திலிருந்து இன்னொரு கூட்டத்துக்குப் போகும் கோழி என எல்லாமே அதற்கு வாகனம்தான். நிழலான, ஈரமான இடத்தில் எச்சத்துக்குள் அது பல நாள் உயிர்ப்புடன் இருக்கும். நேரடி வெயிலில் விரைவில் அழியும்.

இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. கிருமி உடலில் புகுந்த நாளுக்கும் அறிகுறி தெரியும் நாளுக்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கிறது. அதை நோயரும்பு காலம் என்கிறோம். நியூகாசல் நோய்க்கு இது பெரும்பாலும் ஐந்தாறு நாள். இரண்டு நாளாகவும் இருக்கலாம், பதினைந்து நாளாகவும் இருக்கலாம். பாட்டி அனுப்பிய இரண்டு கோழிகளும் ‘நன்றாக’ இருந்தன என்றால், அவற்றில் அறிகுறி இன்னும் தெரியவில்லை என்பதே பொருள். கிருமி இல்லை என்று பொருள் அல்ல.

பாட்டியிடம் தீய எண்ணம் ஏதும் இல்லை. கோழிகளைக் காப்பாற்றத்தான் நினைத்தார். ஆனால் கூட்டத்தில் ஒரு கோழி சோர்ந்தவுடன் மற்றதை விற்பதும், கொடுப்பதும், இடம் மாற்றுவதும்தான் இந்த நோய் ஊர்விட்டு ஊர் போகும் முக்கிய வழி.

மருந்து ஏன் பலிப்பதில்லை?

கோழி சோர்ந்ததும் மஞ்சளும் சின்ன வெங்காயமும் அரைத்துக் கொடுப்பது நம் வீட்டு வழக்கம். சிலர் வீட்டில் மீந்திருக்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுவார்கள். இரண்டும் இந்த வைரஸைத் தடுக்காது.

காரணம் எளிது. ஆன்டிபயாட்டிக் மருந்துகள் பாக்டீரியாவின் செல்சுவர் போன்ற உறுப்புகளைத் தாக்குகின்றன. வைரஸுக்குச் செல்சுவரே கிடையாது. அது கோழியின் செல்லுக்குள் புகுந்து, அந்தச் செல்லையே தொழிற்சாலையாக்கித் தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. வேலை செய்யாத இடத்தில் ஆன்டிபயாட்டிக்கைப் பயன்படுத்தினால், அங்கே இருக்கும் வேறு பாக்டீரியாக்கள் அந்த மருந்துக்குப் பழகி எதிர்ப்புத் திறன் பெறுவதுதான் மிச்சம்.

நியூகாசல் நோய் வந்த பிறகு அதைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. வருமுன் காக்கும் தடுப்பு மருந்து மட்டுமே உண்டு. அப்படியானால் நம் வீட்டுக் கோழிகளுக்கு அதை ஏன் பலர் போடுவதில்லை?

செர்டாங்கில் வளர்ந்த ஒரு யோசனை

பெரிய பண்ணையில் கோழிகள் கொட்டகைக்குள் இருக்கும். மின்சாரமும் குளிர்பெட்டியும் இருக்கும். வீட்டுக் கோழி அப்படியல்ல. பகலில் செம்பனை மரத்தடியில் மேயும், இரவில் மரக்கிளையில் அடையும். பிடிப்பதே பெரும்பாடு. வழக்கமான உயிர்த் தடுப்பு மருந்தை 2 முதல் 8 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைத்திருக்க வேண்டும். வெயிலில் கொண்டுபோனால் வீரியம் போய்விடும். ஒரு குப்பியில் பெரும்பாலும் நூற்றுக்கணக்கான கோழிகளுக்கான மருந்து இருக்கும். பதினோரு கோழி வைத்திருப்பவர் என்ன செய்வார்?

இந்தச் சிக்கலுக்குத் தீர்வு தேடியவர்களில் நம் நாட்டு அறிவியலாளர்கள் முன்வரிசையில் இருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. 1980களில், சிலாங்கூர் செர்டாங்கில் உள்ள பல்கலைக்கழகத்தில் (அப்போது மலேசிய விவசாயப் பல்கலைக்கழகம், இப்போது புத்ரா பல்கலைக்கழகம்) ஐனி இட்ரிஸ், அப்துல் லத்திப் இப்ராஹிம் ஆகியோர், ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகப் பேராசிரியர் பீட்டர் ஸ்பிராட்புரோவுடன் சேர்ந்து ஆய்வு செய்தனர். ஐனி இட்ரிஸ் பின்னர் 2016இல் அதே பல்கலைக்கழகத்தின் முதல் பெண் துணைவேந்தரானார்.

அவர்கள் எடுத்துக்கொண்டது ‘வி4’ என்னும் வைரஸ் வகை. 1960களில் குவீன்ஸ்லாந்தில் கண்டறியப்பட்ட இது நியூகாசல் வைரஸின் சாதுவான உறவினர். கோழியின் உடலில் இருக்கும், ஆனால் நோய் தராது.

ஒரே வகை வைரஸில் ஒன்று கொல்கிறது, ஒன்று சும்மா இருக்கிறது. எப்படி? வைரஸின் மேற்பரப்பில் ஒரு புரதம் இருக்கிறது. அது ஒரு நொதியால் வெட்டப்பட்டால்தான் வைரஸ் செல்லுக்குள் நுழைய முடியும். கொடிய வகையின் புரதத்தை வெட்டும் நொதி கோழியின் உடலில் ஏறக்குறைய எல்லா உறுப்பிலும் உண்டு. அதனால் அது குடல், நுரையீரல், மூளை என எங்கும் பரவுகிறது. கழுத்து முறுக்குவது நரம்பு மண்டலம் தாக்கப்பட்டதன் அடையாளம். சாதுவான வகையை வெட்டும் நொதி குடலிலும் மூச்சுப்பாதையிலும் மட்டுமே உண்டு. அது அங்கேயே கொஞ்சம் பெருகி நின்றுவிடும். ஆனால் கோழியின் உடல் அதைப் பார்த்து எதிர்ப்பொருள்களை, அதாவது உங்கள் பாடநூலில் வரும் ஆன்டிபாடிகளை, உருவாக்கிவிடும். பிறகு கொடிய வகை வந்தாலும் படை தயாராக இருக்கும்.

ஆய்வாளர்கள் வி4 வகையிலிருந்து வெப்பம் தாங்கக்கூடியதைத் தேர்ந்தெடுத்தார்கள். அதைத் தீவனத்தின் மேல் பூசினார்கள். கோழியைப் பிடிக்க வேண்டியதில்லை, ஊசி வேண்டியதில்லை. தீவனத்தை இறைத்தால் கோழியே வந்து தின்றுகொள்ளும். கோழி வளர்ப்பவருக்குத் தினமும் செய்து பழகிய வேலைதான். நம் நாட்டிலும் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிலும் இந்த முறை சோதிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் இதே நோய்க்கு வாய்வழி உருண்டை வடிவத் தடுப்பு மருந்தை உருவாக்கியிருக்கிறது.

இந்த முறைக்கும் குறை உண்டு. எல்லாக் கோழியும் சம அளவு தின்னாது. வலியது முந்திக்கொள்ளும், நோஞ்சான் பட்டினி கிடக்கும். எந்தத் தானியத்தில் பூசுகிறோம் என்பதைப் பொறுத்தும் பலன் மாறியது. அதனால் ஸ்பிராட்புரோ ‘ஐ-2’ என்னும் இன்னொரு வெப்பம் தாங்கும் வகையை உருவாக்கினார். ஏழை நாடுகள் காப்புரிமைப் பணம் கட்டாமல் தாமே தயாரித்துக்கொள்ள அது வழங்கப்பட்டது. கண்ணில் ஒரு சொட்டு விட்டால் போதும். ஆப்பிரிக்கக் கிராமங்களில் நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஊரே சேர்ந்து இதைப் போடுகிறார்கள். சொட்டு விட இரவு நேரம் நல்லது. அடைந்த கோழியைப் பிடிப்பது எளிது.

ஒரு சிறு கணக்கு

ஊரே சேர்ந்து போட வேண்டும் என்பது ஏன்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். நோயுற்ற ஒரு கோழி 4 கோழிகளுக்குக் கிருமியைத் தருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதல் சுற்றில் 1, அடுத்து 4, அடுத்து 16, அடுத்து 64.

இப்போது ஊரில் உள்ள கோழிகளில் நான்கில் மூன்று பங்குக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. அந்தக் கோழி சந்திக்கும் நான்கில் ஒன்றுக்கு மட்டுமே நோய் தொற்றும். கணக்கு 1, 1, 1, 1 என்று நிற்கும். நான்கில் மூன்றுக்கும் மேல் எதிர்ப்புச் சக்தி இருந்தால் நோய் தேய்ந்து மறையும்.

பொதுவாக, ஒரு கோழி R கோழிகளுக்குப் பரப்பினால், எதிர்ப்புச் சக்தி பெற்றிருக்க வேண்டிய பங்கு 1 − 1/R என்பதை விட அதிகமாக இருக்க வேண்டும். இதுவே கூட்டு நோயெதிர்ப்பு. கோவிட் காலத்தில் செய்திகளில் கேட்ட அதே கருத்துதான். என் வீட்டுக் கோழிக்கு நான் போடும் சொட்டு, பக்கத்து வீட்டுக் கோழிக்கும் ஓரளவு வேலி.

பக்கத்து ஊர் தந்த பாடம்

விலங்கு நோய் எப்படிப் பரவும் என்பதைச் செண்டாயான் வட்டாரத்து மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் அம்மா அப்பாவிடம் 1999ஆம் ஆண்டைப் பற்றிக் கேளுங்கள்.

1998 செப்டம்பரில் ஈப்போ வட்டாரத்தில் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்களுக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. முதலில் அது கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று கருதப்பட்டது. கொசு மருந்து அடித்தார்கள், அந்த நோய்க்கான தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. இதற்கிடையே நோயுள்ள பன்றிகள் லாரியில் நெகிரி செம்பிலானுக்கு வந்தன. நம் பக்கத்தில் உள்ள புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா ஊர்கள் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டன.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங், நோயாளி ஒருவரின் மாதிரியிலிருந்து அதுவரை உலகம் அறியாத வைரஸைப் பிரித்தெடுத்தார். பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதருக்கும் வந்த கிருமி அது. சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால் ‘நிப்பா வைரஸ்’ ஆனது. நூற்றுக்கும் மேற்பட்ட மனித உயிர்கள் போயின. பத்து இலட்சம் அளவிலான பன்றிகள் கொல்லப்பட்டன.

நிப்பா கோழி நோய் அல்ல. ஆனால் அது தரும் இரண்டு பாடங்கள் கோழிக்கும் பொருந்தும். நோயுள்ள விலங்கை இடம் மாற்றினால் நோயும் இடம் மாறும். நோய் எதுவென்று ஊகித்துச் செயல்பட்டால், தவறான கதவைப் பூட்டிக்கொண்டிருப்போம்.

இரண்டாவது பாடம் முக்கியமானது. நியூகாசல் நோயும் கொடிய பறவைக் காய்ச்சலும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும். ஆய்வுக்கூடச் சோதனைதான் பிரித்துச் சொல்லும். எச்5என்1 பறவைக் காய்ச்சல் மனிதரையும் கொல்லக்கூடியது. 2004 ஆகஸ்டில் கிளந்தானில் தும்பாட் பகுதியில் நம் நாட்டில் முதன்முதலில் கண்டறியப்பட்டபோது, எல்லை தாண்டிக் கொண்டுவரப்பட்ட சண்டைச் சேவல்கள் வழியே வந்திருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டது. மறுபக்கம், இரத்தக் கழிச்சல் போன்ற நோய்கள் ஒட்டுண்ணியால் வருபவை. அவற்றுக்கு மருந்து உண்டு. எதுவென்று தெரியாமல் எதைச் செய்வது?

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

1. புதிய கோழியைத் தனியே வையுங்கள். உலக விலங்குநல அமைப்பு தன் விதிகளில் நியூகாசல் நோயின் அரும்பு காலத்தை 21 நாளாகக் கணக்கிடுகிறது. எனவே மூன்று வாரம் தனிக் கூண்டு, தனித் தட்டு. பழைய கோழிகளுக்கு முதலில் தீனி போட்டுவிட்டுக் கடைசியாகப் புதியதிடம் போங்கள். தீபாவளிக்கோ கோயில் திருவிழாவுக்கோ கோழி வாங்குவதென்றால் இந்த மூன்று வாரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2. கோழிக் கூண்டுக்கென்று ஒரு சிலிப்பர். அது அங்கேயே இருக்கட்டும். சந்தைக்குப் போட்டுப் போன சிலிப்பரோடு கூண்டுக்குள் போக வேண்டாம். உள்ளே போகுமுன்னும் வந்த பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். இந்த வைரஸைச் சுற்றிக் கொழுப்பு உறை இருக்கிறது. சோப்பு அதைக் கரைத்து வைரஸைச் செயலிழக்கச் செய்கிறது.

3. முதலில் கழுவுங்கள், பிறகு கிருமி நீக்குங்கள். எச்சம் படிந்த கூண்டில் நேராகக் குளோராக்ஸ் ஊற்றினால் அதன் குளோரின் எச்சத்தோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும், கிருமிக்கு மிஞ்சாது. சுரண்டி, சோப்பு நீரில் தேய்த்துக் கழுவிய பிறகு, போத்தலில் சொன்ன அளவில் நீர் கலந்த குளோராக்ஸ், பிறகு நல்ல வெயில். குளோராக்ஸோடு வேறு எந்தத் துப்புரவு நீர்மத்தையும் கலக்காதீர்கள். நச்சு வாயு வரும்.

4. தீனியையும் தண்ணீரையும் மூடி வையுங்கள். காட்டுப் பறவையும் எலியும் வரும் இடத்தில் தவிட்டையும் சோற்றையும் இரவு முழுக்கப் போட்டுவைக்காதீர்கள்.

5. தடுப்பு மருந்து பற்றிக் கேளுங்கள். முட்டையின் மஞ்சள் கரு வழியே தாய்க்கோழி தரும் எதிர்ப்பொருள்கள் குஞ்சைச் சில வாரம் மட்டுமே காக்கும். அதன்பின் எப்போது, எந்த மருந்து என்பதை மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்தில் கேட்கலாம். நான்கைந்து வீடுகள் சேர்ந்து கேட்டால் ஒரு குப்பி வீணாகாது.

முதல் கோழி சோர்ந்தால்

அதை உடனே தனியே பிரியுங்கள். மற்ற கோழிகளை விற்காதீர்கள், கொடுக்காதீர்கள், வேறு வீட்டுக்கு மாற்றாதீர்கள். செத்த கோழியைக் கால்வாயிலோ செம்பனைத் தோப்பிலோ எறியாதீர்கள், சமைக்காதீர்கள். தொட நேர்ந்தால் பிளாஸ்டிக் கையுறையும் முகக்கவசமும் அணியுங்கள். ஒன்றுக்கு மேற்பட்டவை திடீரென்று இறந்தால் பெரியவர்களிடம் சொல்லிக் கால்நடை அலுவலகத்துக்குத் தெரியப்படுத்துங்கள். அவர்கள் மாதிரி எடுத்தால்தான் நோயின் பெயர் தெரியும். அதன் பிறகு அவர்கள் சொல்லும் முறைப்படி ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்கலாம். காலியான கூண்டில் உடனே புதிய கோழி விட வேண்டாம்.

அந்த மாணவியிடம் இதையெல்லாம் சொன்னேன். “அப்போ பாட்டி கோழிக்கு வந்தது சம்பார்தானா டீச்சர்?” என்றாள். அறிகுறி அப்படித்தான் சொல்கிறது, ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் கோழிகளைப் புதைத்தாயிற்று, யாரும் சோதிக்கவில்லை என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அத்தைக்கு இது தெரியணும். அவங்க கூண்டு இன்னும் கழுவாம இருக்கு. அடுத்த வாரம் குஞ்சு வாங்கப் போறேன்னு சொன்னாங்க” என்றாள்.

அன்று மாலையே அத்தைக்கு அழைத்துப் பேசியதாக மறுநாள் வந்து சொன்னாள். குஞ்சு வாங்குவது தள்ளிப்போடப்பட்டிருக்கிறது.

சிந்தித்துப் பாருங்கள்

1. ஒரு நோயுற்ற கோழி 5 கோழிகளுக்கு நோயைப் பரப்புமானால், நோய் பரவாமல் நிற்க ஊரில் குறைந்தது எத்தனை விழுக்காட்டுக் கோழிகளுக்கு எதிர்ப்புச் சக்தி வேண்டும்?

2. தாய்க்கோழி முட்டை வழியே தரும் பாதுகாப்பும், கண்ணில் விடும் தடுப்பு மருந்து தரும் பாதுகாப்பும் எந்த வகையில் வேறுபடுகின்றன? எது நீண்ட நாள் நிற்கும்? ஏன்?

3. பாட்டியின் கதையில் கிருமி எத்தனை முறை இடம் மாறியது? ஒவ்வோர் இடத்திலும் எதைச் செய்திருந்தால் அதை நிறுத்தியிருக்கலாம்?

செய்து பாருங்கள்: உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ கோழி இருந்தால், ஒரு வாரம் அந்தக் கூண்டுக்கு யார் வருகிறார்கள், எது வருகிறது என்று குறித்து வையுங்கள். மனிதர், பூனை, காகம், தீவனச் சாக்கு, வாகனம், எல்லாவற்றையும் எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் நேரே, அதன் வழியே கிருமி உள்ளே வராமல் தடுக்க ஒரு வழி எழுதுங்கள். அந்தத் தாளைக் கூண்டின் அருகே ஒட்டிவையுங்கள்.